மங்களேஸ்வரி கொடுத்த சாவி

மன்னிச்சுக்கங்க தம்பி. ஒட்டுக்கேக்கணும்னு கேக்கலை. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதையா பொத்திக்க முடியும்? போன்ல சொன்னீங்களே, எல்லாரும் சேந்து இலவசமா செய்யற ஏதோ திறந்தமூல வேலையில கமிட் ஆக்சஸ் கொடுத்துட்டாங்கன்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. பஸ்ஸால இல்ல. இந்த ரோட்டுல நான் எத்தனையோ தடவை வந்தவன். அந்த வார்த்தை தம்பி. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

நீங்க சந்தோஷமா இருங்க, அதுக்குக் குறுக்க நிக்கலை. சும்மா சொல்றேன். மணப்பாறை தாண்டறதுக்குள்ள முடிஞ்சுரும்.

இந்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதானே பாக்கறீங்க? புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிர்த்த சந்துல சிகாமணி டிடிபி சென்டர்னு கேட்டுப் பாருங்க, ஆட்டோக்காரரே கொண்டாந்து இறக்குவாரு. கல்யாணப் பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் நம்ம கைதான். தெய்வசிகாமணி என் பேரு. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன். ஆனா போன்ல மட்டும் கை தடுமாறும். டைப்ரைட்டர்ல ‘ய’ இருக்கற இடத்துல போன்ல வேற என்னமோ இருக்கும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? சொந்த வீட்டுலயே வழி தெரியாதவன் மாதிரி.

அப்பதான் ‘நுனிவிரல்’னு ஒரு கீபோர்டு கிடைச்சுது. இலவசம். விளம்பரம் கிடையாது. அதைச் செஞ்சது மங்களேஸ்வரின்னு ஒரு பொண்ணு. பரமக்குடிப் பக்கம். காலேஜ்ல படிக்கறப்பவே ஆரம்பிச்சு, அப்புறம் மதுரையில ஒரு கம்பெனியில வேலைக்குப் போய், சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் இதைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நல்ல பொண்ணுதான். நான் இல்லைங்கலை. அதைப் பயன்படுத்தறவங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பிச்சது நான். பேராசிரியர்கள், பத்திரிகைக்காரங்க, டீச்சருங்க, பெரிய பெரிய ஆளுங்க இருந்தாங்க. நான்தான் அட்மின். காலையில வணக்கம் போடறதுல இருந்து எல்லாம் என் பொறுப்பு.

நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பழைய டைப்ரைட்டர் வரிசையை அந்தக் கீபோர்டுல சேர்த்துக் கொடும்மான்னு. “செய்யலாம் சார், கொஞ்சம் நாளாகும்”னு சொல்லுச்சு. சரின்னு விட்டேன். மழைக்காலம் வந்துச்சு, போச்சு. “பாத்துக்கிட்டே இருக்கேன் சார்”னு சொல்லுச்சு. பங்குனி வந்துருச்சு. கல்யாண சீசன்ல எனக்கு உயிர் போகுது, இது இன்னும் பாத்துக்கிட்டே இருக்கு.

அந்த நேரத்துலதான் இனியவன்னு ஒருத்தன் வந்தான்.

நெட்டுல ஒரு பக்கம் இருக்குமே, கீபோர்டோட புரோகிராம் எல்லாம் வெச்சிருக்கற இடம். உங்களுக்குத் தெரியும், உங்களுக்குப் போய் நான் சொல்றேன் பாருங்க. யாரு வேணா வந்து ‘இந்த இடத்துல இப்படி மாத்தினா நல்லது’ன்னு எழுதி அனுப்பலாம். ஆனா சேக்கறது மங்களேஸ்வரி. அது ஒவ்வொரு வரியா படிச்சு, சரின்னு பட்டாதான் உள்ள விடும். சாவி, அதான் அந்தக் கமிட் ஆக்சஸ், அதுகிட்ட மட்டும்தான். இனியவன் முதல்ல சின்னச் சின்னப் பிழையெல்லாம் திருத்தி அனுப்பினான். ஈப்போன்னு ஊர் சொன்னான், மலேசியா. முகம் தெரியாது. ஆனா எழுத்துல என்ன மரியாதைங்கறீங்க! ‘தங்கள் பொன்னான நேரத்தில்’னுதான் ஆரம்பிப்பான். நான் டைப்ரைட்டர் வரிசையைப் பத்திச் சொன்னேன். ‘ஐயா, இது என் பாக்கியம்’னு எழுதிட்டு ஒரே வாரத்துல செஞ்சு அனுப்பிட்டான்.

மங்களேஸ்வரி அதைத் தொடலை. அப்படியே கிடக்குது. கேட்டா, பொதுவுல ஒரு குறிப்பு போட்டுச்சு: அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் வரலை, தாமதத்துக்கு எல்லாரும் மன்னிக்கணும், வரி வரியா பாக்காம எதையும் சேக்க மனசு வரலைன்னு.

சரி, கஷ்டம்தான். யாருக்குத் தம்பி கஷ்டம் இல்ல?

அப்பதான் அந்த நெட் பக்கத்துல மத்தவங்களும் பேச ஆரம்பிச்சாங்க. கயல்விழின்னு ஒரு காலேஜ் பொண்ணு எழுதுச்சு: ‘அக்கா, உங்களால் முடியவில்லை என்றால் முடிந்தவர்களிடம் விட்டுவிடுங்களேன். நாங்கள் காத்திருந்து களைத்துவிட்டோம்.’ சிங்கப்பூர்ல இருந்து மெய்யப்பன்னு ஒருத்தர் இன்னும் சூடா எழுதினாரு: ‘எல்லார் வீட்டிலும் நோய் உண்டு. தமிழுக்கு விடுமுறை கிடையாது. இனியவனுக்கு உரிமையைக் கொடுங்கள்.’ நல்லா எழுதியிருந்தாரு. தமிழுக்கு விடுமுறை கிடையாது. குழுவுல அதை நான் எல்லாருக்கும் அனுப்பினேன்.

அதுக்கும் அசையலைங்கவும் நானே போன் போட்டேன். நம்பர் என்கிட்ட இருந்துச்சு.

எடுத்துச்சு. பின்னால ஏதோ சத்தம். “அ... ஆ...”ன்னு ஒரு கட்டைக் குரல். “சொல்லுங்க சார், அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்குது, வெளிய வரேன்”னு சொல்லுச்சு. நான் “ஓகோ”ன்னு சொல்லிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

“ஏம்மா, அந்தத் தம்பி இவ்வளவு செய்யுது, அதுக்குச் சாவி கொடுத்தா என்ன குறைஞ்சா போயிருவே?”

“சார், அவரை நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை வீடியோ கால் பேசலாம்னு கேட்டேன், தொண்டை சரியில்லைன்னுட்டாரு.”

“நல்ல மனசுக்கு முகம் எதுக்கும்மா?”

“இது கீபோர்டு சார். ஜனங்க மனசுல நினைக்கறதெல்லாம் இது வழியாத்தான் போகுது. புருஷன்கிட்ட சண்டை, டாக்டர்கிட்ட சொல்ற ரகசியம், பாஸ்வேர்டு. வேற எந்த ஆப்பா இருந்தாலும் கொடுத்திருப்பேன்.”

“அப்ப எங்களை எல்லாம் திருடன்னு சொல்றியா?”

“ஐயோ, இல்ல சார்.”

“சாவியை இடுப்புல செருகிக்கிட்டு மாமியார் மாதிரி நடந்துக்காத. உனக்கு முடியலை. முடியலைன்னு ஒத்துக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?”

லைன் கட்டாயிருச்சோன்னு “அலோ, அலோ”ன்னேன். பின்னால அந்தக் கட்டைக் குரல் மட்டும் “அ... அ...”ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் “யோசிக்கறேன் சார்”னு சொல்லி வெச்சுருச்சு.

அந்த வாரமே கொடுத்துருச்சு. கமிட் ஆக்சஸ். அந்தப் பொண்ணு பேருக்குப் பக்கத்துல இனியவன் பேரும் வந்துருச்சு. குழுவுல ஒரே கொண்டாட்டம். என் டைப்ரைட்டர் வரிசை வெளிய வந்துச்சு. அப்பா! முதல் தடவை போன்ல கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன் தம்பி. என் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘ய’ அங்க, ‘ள’ இங்க. எல்லாம் அதது இடத்துல. நெட் பக்கத்துல கயல்விழி எழுதுச்சு, ‘தெய்வசிகாமணி ஐயாவின் விடாமுயற்சிக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது’ன்னு. மெய்யப்பன் அதுக்குக் கீழ, ‘சரியாகச் சொன்னாய் மகளே’ன்னு. பேராசிரியர் ஒருத்தர்கூடக் கைதட்டற படம் போட்டாரு.

கொஞ்ச காலம் நல்லாத்தான் போச்சு. மங்களேஸ்வரி ஓரமா ஒதுங்கிருச்சு. எல்லாத்தையும் இனியவனே பாத்தான். புதுப் பதிப்பு ஒண்ணு வந்துச்சு, ‘சொல் ஊகிப்பு மேம்பாடு’ன்னு பேரு போட்டு. நாம பாதி அடிக்கறதுக்குள்ள மீதியை அதுவே சொல்லும். கயல்விழியும் மெய்யப்பனும் அதையும் பாராட்டி எழுதினாங்க. நான் குழுவுல எல்லாரையும் போட்டுக்கச் சொன்னேன். போடாதவங்களை, ஏன் இன்னும் போடலைன்னு தனியா கேட்டேன்.

அதுக்குள்ளதான் அவன் வேலையைக் காட்டியிருந்தான்.

நம்ம அடிக்கற ஒவ்வொரு எழுத்தும் சத்தமில்லாம எங்கயோ போய்க்கிட்டு இருந்துருக்கு. சீ! இப்ப நினைச்சாலும் உடம்பெல்லாம் எதுவோ ஊர்ற மாதிரி இருக்கு. குளிக்கற இடத்துல எவனோ ஓட்டை போட்டுப் பாத்த மாதிரி.

அதைக் கண்டுபிடிச்சது யாருங்கறீங்க? அதே பொண்ணுதான். அப்பா கொஞ்சம் தேறி உக்கார ஆரம்பிச்சிருக்காரு, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பழையபடி வரி வரியா பாத்துருக்கு. பாத்த உடனே அவன் சாவியைப் பறிச்சு, கீபோர்டையே நெட்டுல இருந்து எடுத்துட்டு, பொதுவுல எழுதுச்சு: ‘இந்த உரிமையை நான்தான் கொடுத்தேன். சரிபார்க்காமல் விட்டதும் நான்தான். பொறுப்பு என்னுடையது. எல்லாரும் உடனே நீக்கிவிடுங்கள்.’ எவன் பேரையும் இழுக்கலை. என் பேரையும்தான்.

நானும் குழுவுல எழுதினேன். பாத்தீங்களா, தானே ஒத்துக்கிச்சு, இவ்வளவு அலட்சியமானவங்க பொதுக்காரியத்துக்கு வரலாமான்னு. ஏன், தப்பா? முன்ன பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட யாராவது சாவியைக் கொடுப்பாங்களா? நீங்க படிச்சவர், நீங்க சொல்லுங்க.

சைபர் கிரைம்ல அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. கம்பெனியில வேலையை விட்டுரச் சொல்லிட்டாங்கன்னு கேள்வி. இனியவன்? எங்க இனியவன்? ஈப்போவுல அப்படி ஒருத்தனே கிடையாது. ஆம்பளையா பொம்பளையா, ஒருத்தனா நாலு பேரான்னுகூட யாருக்கும் தெரியாது. சாவி போச்சேங்கற ஆத்திரத்துல அவன் திருடினதை எல்லாம் ஒரு தளத்துல கொட்டிட்டான். யாரு வேணா போய்ப் படிக்கலாம். ஒவ்வொரு போனும் தனித்தனியா. என்னென்ன அடிச்சாங்களோ அப்படியே, அடிச்சு அழிச்சதுகூட.

ஜனங்க அதை உக்காந்து படிச்சாங்க தம்பி! அதுதான் எனக்குத் தாங்கலை. படிச்சவங்க, பேராசிரியருங்க, ‘ச்சே ச்சே’ன்னுக்கிட்டே படிச்சாங்க.

ஒட்டன்சத்திரத்துல ரெஜினான்னு ஒரு டீச்சர். நம்ம குழுவுல இருந்துச்சு. பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்பிதழ் எல்லாம் நம்ம கடையிலதான். ‘அண்ணே அண்ணே’ன்னு வாய் நிறையக் கூப்பிடும். புதுப் பதிப்பைப் போடாம இருந்துச்சு, நான்தான் அதோட போனை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அது தம்பிக்காரனுக்கு எழுதியிருக்கு, இவரு அடிக்கறாரு, லீவு விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு. புருஷன் கண்ணுல பட்டுருச்சு. எவனோ ஒருத்தன் எடுத்து அனுப்பியிருக்கான்.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கையில மாவுக்கட்டு. இன்னொரு கையில பையி, பக்கத்துல பிள்ளை. “டீச்சர், என்ன டீச்சர்”னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டு, காதுல விழாத மாதிரி பஸ்ல ஏறிருச்சு. நான் என்ன பண்ணேன்? வலிய வந்து விசாரிக்கறவனைப் பாக்கற பார்வையா அது? இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் போன்ல எழுதலாமான்னு நான் கேக்கலாம்னு இருந்தேன். கேக்க விடலை.

என்னோடதும் அதுல இருந்துச்சு. ஆமா. எல்லாரோடதும் இருக்கறப்ப என்னோடது மட்டும் இல்லாம போயிருமா?

சொல்றேன். இதுல மறைக்க என்ன இருக்கு? ஒரே போன்ல கயல்விழி எழுதினதும் மெய்யப்பன் எழுதினதும் ஒண்ணு கீழ ஒண்ணா இருந்துச்சாம். நடுவுல ‘சிகாமணி டிடிபி சென்டர், புரூஃப் ரெடி, வந்து பார்க்கவும்’னு. நம்ம பேராசிரியர்தான் கண்டுபிடிச்சுக் குழுவுல போட்டாரு. கைதட்டற படம் போட்டாரே, அதே ஆளு. ‘தெய்வசிகாமணி ஐயாவின் விடாமுயற்சிக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது’ங்கற பழைய வரியை எடுத்துப் போட்டு அதுக்குக் கீழ சிரிக்கற படம் போட்டாரு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சிரிக்கறாங்க. கயல்விழி சௌக்கியமான்னு கடைக்கே வந்து கேக்கறாங்க.

ஆமாய்யா, நான்தான் எழுதினேன். என்ன இப்ப? ஒருத்தன் குரல் கொடுத்தா யாரு காது கொடுக்கறா இந்த ஊர்ல? நாலு பேரு கேட்டாதான் தெருவுக்குத் தண்ணியே வருது. அந்தப் பொண்ணு கயல்விழி கேட்டிருப்பா, மெய்யப்பன் கேட்டிருப்பாரு. அவங்க இல்லங்கறதுக்காக அவங்க சொன்னது இல்லைன்னு ஆயிருமா? நான் கேக்கறது வேற. ஒரு மனுஷன் தன் சொந்த போன்ல தனக்குன்னு அடிச்சதை ஊரு கூடிப் படிக்குதே, அது அசிங்கம் இல்லையா? அதைப் பத்தி ஒருத்தன் பேசினானா? என்னை மட்டும் விட்டுட்டு எல்லாரும் குழுவுல இருந்து வெளிய போய் வேற குழு ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஆரம்பிச்ச குழு! நான் அட்மின்!

சம்சாரம்கூட ஒருநாள் கேட்டுச்சு, அந்தக் கயல்விழிங்கற பேரை எங்க புடிச்சீங்கன்னு. கேக்கற கேள்வியைப் பாருங்க.

இப்ப நான் எதுக்குச் சென்னைக்குப் போறேங்கறீங்க? மனு கொடுக்கப் போறேன். இந்த மாதிரி இலவசமா செய்யறேன்னு வர்றவங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும், யாருக்குச் சாவி கொடுக்கறாங்கன்னு அரசாங்கம் பாக்கணும்னு. நானே டைப் பண்ணேன். அருமையா வந்திருக்கு.

அந்தப் பொண்ணு அப்புறம் ஒரு தடவை போன் பண்ணுச்சு. கயல்விழி விஷயம் வெளிய வந்த பிறகு. திட்டத்தான் கூப்பிடுதுன்னு நான் தயாரா இருந்தேன். பதிலுக்குப் பதில் எல்லாம் வெச்சிருந்தேன். திட்டலை.

“சார், ஒண்ணு கேக்கணும். கயல்விழியும் மெய்யப்பனும் நீங்கதானா? வேற பேர்லயும் எழுதினீங்களா?”

“அது ரெண்டும்தான். வேற இல்ல.”

“இல்ல, நிச்சயமா தெரியணும். இனியவன் நீங்க இல்லையே?”

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க! “என்னம்மா பேசற, அந்தத் திருடனையும் என்னையும் ஒண்ணாக்கறியா?”ன்னேன்.

“சரி சார். நீங்க இல்லைன்னா, எங்கப்பா எப்படி இருக்காருன்னு கேட்டது அவன்தான்.”

“என்னது?”

“நான் அந்தக் குறிப்பு போட்ட பிறகு எத்தனையோ பேரு எழுதினாங்க சார். எப்ப வரும், எப்ப தருவேன்னு. அவன் மட்டும் ஒவ்வொரு கடிதாசி முடிவுலயும், அப்பா இன்னிக்கு ஏதாவது பேசினாரான்னு கேப்பான். ‘அம்மா’ன்னு சொன்னாருன்னு ஒருநாள் எழுதினேன். அன்னிக்கு அவன் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை, ரொம்ப சந்தோஷம்னு மட்டும் எழுதினான். நீங்க போன் பண்ணி முடிச்சதும் அதைத்தான் எடுத்துப் படிச்சேன். அதான் கொடுத்தேன். பொய்யாத்தான் கேட்டிருக்கான், தெரியுது. அதுவாவது வேற யாராவது, இருக்கற ஆள் யாராவது, கேட்டதா இருக்கக்கூடாதான்னு ஒரு ஆசை சார். அதான் கூப்பிட்டேன். வெச்சுடறேன்.”

வெச்சுருச்சு.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. பாருங்க தம்பி, இதுக்கா கொடுக்கறது? ஆயிரக்கணக்கான ஜனங்க மானம் அடங்கின சாவி. அதை ஒருத்தன் ‘அப்பா சௌக்கியமா’ன்னு கேட்டாங்கறதுக்காகத் தூக்கிக் கொடுத்துருக்கு. இவ்வளவு மட்டமான காரணத்துக்கா? தகுதியைப் பாத்தியா, வேலையைப் பாத்தியா, தமிழைப் பாத்தியா? ஒரு வார்த்தை விசாரிச்சாப் போதுமாம், கதவைத் திறந்து விட்டுருமாம். இதை வெளிய சொன்னா யாராவது நம்புவாங்களா? அதனாலதான் சொல்றேன், நீங்களும் நாளைக்கு எவனுக்காவது கொடுக்கற இடத்துல இருப்பீங்க, அப்ப...

என்ன கேட்டீங்க?

யாரு? அந்தப் பொண்ணோட அப்பாவா?

இப்ப எப்படி இருக்காருன்னா... அது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? அதுதான் வெச்சுருச்சே. நான் இம்புட்டு நேரமா என்னத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க போயி அதைக் கேக்கறீங்க.